மூன்று இலக்கம் வெட்டிய கல்

நீஷ், 13 அக்டோபர் 2003

அன்புள்ள சித்தி,

சனிக்கிழமை கல்லறையில் நடந்ததை எல்லாம் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடியே எழுதப்போகிறேன். தாத்தாவைப் புதைத்த பிறகுதான் அவர் இறந்ததையே உங்களுக்குச் சொன்னார்கள். இப்போது ஆண்டு நினைவுக்கும் உங்களை அழைக்கவில்லை. "நீயாவது சொல், என் அப்பாவுக்கு என்ன செய்தார்கள் என்று" என அஞ்சலட்டையில் எழுதியிருந்தீர்கள். ஆகவே எனக்குப் பிடிக்காததையும் எழுதுவேன்.

காலையில் தூறல். பாதிரியார் வந்து ஜெபம் சொல்லி, வேகவைத்த கோதுமைமேல் திராட்சை மதுவை ஊற்றினார். அம்மா கோதுமையில் வால்நட் நிறையப் போட்டிருந்தாள், சர்க்கரையும் சற்று அதிகம். எல்லோரும் ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்து, "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லிச் சாப்பிட்டோம். வூகாஷின் மாமா ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து மண்ணில் செருகினார். "இழுங்கப்பா. இனிமே எந்த டாக்டரும் உங்கள ஒண்ணும் சொல்லமாட்டான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தாத்தாவும் சிரித்திருப்பார்.

பிறகு புதுக் கல்லின்மேல் போட்டிருந்த துணியை எடுத்தார்கள். கறுப்புக் கருங்கல். தாத்தா ஒப்ராத், 1928 – 2002. பாட்டி யெல்கா, 1931 – 1994. அதற்குக் கீழே உங்கள் பெயர், சித்தி. உங்கள் படமும் இருக்கிறது. இரட்டைப் பின்னலோடு கடற்கரையில் நிற்கிறீர்கள்.

உயிரோடு இருப்பவர்களின் பெயரை வெட்டிவைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் பெயருக்குக் கீழே 1959 – 200 என்று இருந்தது. கடைசி இலக்கத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

"மாமா, இது என்ன?" என்று கேட்டேன்.

"என்னடி என்ன? பக்கத்துக் கல்லப் பாரு. ஸ்லாவோல்யுப் கிழவன் ஞாயித்துக்கெழம தோறும் வந்து தன் படத்துக்குத் தானே தூசி தட்டிட்டுப் போறான்."

"அதில்ல. வருஷம் ஏன் மூணு எண் வெட்டியிருக்கு?"

கல்வெட்டுகிறவர் அங்கேயே நின்று ராக்கியாச் சாராயம் குடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் பதில் சொன்னார். "எண்ணெல்லாம் ஒரே கையில, ஒரே உளியில வந்தாத்தாம்மா பாக்க நல்லாருக்கும். அப்புறமா வந்து ஒண்ணே ஒண்ணு வெட்டிட்டுப் போயிடுவேன். வேலையும் மிச்சம்."

"உங்க பேரு எங்க மாமா? நீங்க சித்தியவிட எட்டு வயசு பெரியவர்தானே?"

"எனக்கு இடம் விட்டிருக்கு. இப்ப என்ன அவசரம்? அவ உடம்பு தெரிஞ்சதுதானே... அவள மாதிரி ஆளுங்க ரொம்ப நாள்..." என்று ஆரம்பித்தவர் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "நாலையும் வெட்டச் சொல்லலியே, அதுக்கு சந்தோஷப்படு" என்று முடித்தார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இந்த முறை நான் சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை. ஏற்கெனவே துடைத்த தட்டை மறுபடி துடைத்தாள்.

இதை எழுதலாமா என்று ஞாயிறு முழுவதும் யோசித்தேன். எழுதாமல் விட்டால் நானும் அவர்களில் ஒருத்தி ஆகிவிடுவேன் என்று தோன்றியது.

உங்கள் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? நேரில் வந்து பார்க்க நினைத்தேன், கணிதத் தேர்வு இருக்கிறது.

உங்கள்
நெவெனா


ட்ரெனோவா, 21 அக்டோபர் 2003

நெவெனா கண்ணு,

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு ஒரு சிகரெட் பிடித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். நான்காம் மாடியில், லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் இருக்கிறவளுக்குத் தரைமட்டத்தில் ஓர் இடம் பார்த்துவைத்திருக்கிறான். நல்ல மனசுதான். ஆனால் நான்கு இலக்கத்தில் மூன்றை வெட்டிவிட்டு ஒன்றை மிச்சம்பிடித்தானே, அங்கேதான் அவன் கஞ்சத்தனம் தெரிகிறது. சின்ன வயதில் மிட்டாயையும் இப்படித்தான் பங்கு போடுவான்.

அந்தப் படம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. புவியியல் ஆசிரியையாக வேலை கிடைத்த வருடம், பள்ளியிலிருந்து கடற்கரைக்குப் போனோம். அதற்குப் பிறகு என்னை யாரும் படம் பிடிக்கவில்லை என்பது நீ எழுதித்தான் எனக்கே உறைக்கிறது. கல்லில் இருப்பவளை வழியில் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியாது. அவளுக்கும் என்னைத் தெரியாது. மாத்திரை உடம்பைப் பெருக்கிவிட்டது, பல் பாதி போய்விட்டது.

குரல்களைப் பற்றி நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இப்போது ஒருவர்தான் வருகிறார். வானொலியில் வானிலை வாசிப்பவர் மாதிரி அமைதியான மனிதர். தொலைபேசி வைத்துக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆளில்லாத குரல் எனக்கு ஏற்கெனவே வீட்டில் கிடைக்கிறதே, அதற்கு வேறு கட்டணம் கட்டவேண்டுமா?

கால் வீக்கம் அப்படியே இருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, அதனால் சுவரில் தலையணையை அடுக்கி உட்கார்ந்தே தூங்குகிறேன். ஒரு மாடி ஏறியதும் நிற்கவேண்டும். இரண்டாம் மாடியில் நிற்கும்போது அந்த வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறாள். நான் அவள் கதவுக்கு வெளியே என்னவோ செய்கிறேன் என்று நினைக்கிறாள். மூச்சு வாங்குகிறேன், அவ்வளவுதான்.

மருத்துவரிடம் போகாமல் இல்லை. போன வாரமும் போனேன். உடம்பு மருத்துவர் என் கோப்பைத் திறந்தார். முதல் பக்கத்தில் மனநலப் பிரிவின் முத்திரை. அதற்குமேல் அவர் என்னைப் பார்க்கவில்லை.

"மூச்சு முட்டுது டாக்டர்."

"மாத்திரைய ஒழுங்கா போடறீங்களா?"

"போடறேன். தாகமும் தீரவே மாட்டேங்குது."

"பதற்றம். உங்க டாக்டரப் பாருங்க."

என்னுடைய டாக்டரைப் பார்த்தேன். "ஸ்மில்யா, உங்க மனசு நல்லா இருக்கு. மூச்சுக்கெல்லாம் கீழ்மாடிக்குப் போங்க" என்றார். கீழ்மாடியிலிருந்துதான் வந்தேன். கழுத்துக்கு மேலே ஒருவர், கழுத்துக்குக் கீழே ஒருவர். கழுத்தில் நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

இங்கே எல்லா மாடி முகப்புகளிலும் குளிர்காலத்துக்காக மிளகாய் சுடுகிறார்கள். ஊர் முழுக்க அந்த வாசனை. நான் அந்த ஐவார் விழுது செய்வதில்லை. ஒருத்தி சுடவேண்டும், ஒருத்தி தோலுரிக்கவேண்டும், யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசவேண்டும். தனியாகச் செய்கிற சமையல் இல்லை அது.

கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கு.

சித்தி


நீஷ், 28 அக்டோபர் 2003

அன்புள்ள சித்தி,

உங்கள் கடிதத்தை நூலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் படிக்கும் புத்தகம் ஒன்றில், உங்களைப் போன்ற நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பதினைந்து வருடம்போல முன்னதாக இறந்துவிடுகிறார்கள் என்று போட்டிருக்கிறது. நான் நினைத்ததுபோலப் பெரும்பாலும் மனநோயால் அல்ல. இதயம், சர்க்கரை, நுரையீரல் என்று மற்றவர்கள் சாகிற அதே காரணங்கள்தான். மாத்திரையால் எடை கூடுகிறது. சிகரெட், தனிமை, வறுமை எல்லாம் சேர்கின்றன. அதோடு, அவர்கள் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னால் மருத்துவர்கள் அதையும் மனநோயின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். இதை வாசித்தபோது என் காது சூடாகிவிட்டது. நீங்கள் கழுத்தைப் பற்றி எழுதியது அப்படியே இருந்தது.

எங்கள் உயிரியல் ஆசிரியை தெசாங்காவிடம் உங்கள் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். "கால விரலால அழுத்தினா பள்ளம் விழுதா? உக்காந்துதான் தூங்கறாங்களா? அப்ப இதயத்தப் பாக்கணும்மா. இன்னிக்கே பாக்கணும்" என்றார். "யாரு, உங்க வீட்டுலயா?" என்றார். "ஆமாம்" என்றேன். "கூட யாராவது போகணும். தனியாப் போனா கோப்பத்தான் பாப்பாங்க. கூட ஆள் இருந்தா ஆளப் பாப்பாங்க."

விடுதியில் என் அறைத்தோழி ஸோரிட்சா உங்கள் கடிதத்தின் உறையைப் பார்த்து, "உன் சித்திதானே அந்தப் பைத்தியம்?" என்று கேட்டாள். "அவங்களுக்கு மனச்சிதைவு. உனக்கு வெறும் மூளைக் குறைவு" என்றேன். அன்றிலிருந்து அறையில் என்னோடு யாரும் பேசுவதில்லை. படிக்க அமைதியாகத்தான் இருக்கிறது.

சித்தி, அம்மாவிடம் சொல்லட்டுமா? அம்மா உங்களோடு வந்தால் மருத்துவர் கேட்பார். எனக்கு இந்த வாரமும் வேதியியல் செய்முறை இருக்கிறது.

உங்கள்
நெவெனா


ட்ரெனோவா, 4 நவம்பர் 2003

நெவெனா,

என்னைப் பாடமாகப் படிக்காதே.

பதினைந்து வருடம் என்று எழுதியிருக்கிறாய். அது பின்னாலிருந்து எடுக்கப்படுகிறது என்று உன் புத்தகம் நினைக்கிறது. என்னிடமிருந்து நடுவிலேயே எடுத்துவிட்டார்கள். இருபத்தாறு வயதிலிருந்து முப்பத்து மூன்றுவரை மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாகப் போயிற்று. அதில் எனக்கு நினைவிருப்பது ஒரு ஜன்னலும் ஒரு பிளம் மரமும்தான். அந்த ஏழு வருடத்தை எந்தப் புத்தகத்தில் கழித்திருக்கிறார்கள்? வேலை போன பிறகு, பகல்நேரக் கூடத்தில் அட்டைப்பெட்டி மடித்த வருடங்கள்? பிறந்தநாளுக்கு ஒருவரும் வராத வருடங்கள்? இருந்த வருடங்களையே யாரும் பயன்படுத்தவில்லை. கூடப் பதினைந்து கொடுத்தால் எங்கே வைப்பேன்?

உன் அம்மா ராத்மிலாவிடம் சொல்லாதே. என்னை முதன்முதலில் மருத்துவமனையில் சேர்த்தபோது கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அதற்காக அவள்மேல் கோபமில்லை, யாராவது போட்டாகவேண்டும். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அதற்குத்தான் கோபம். அப்பாவின் சவப்பெட்டிக்கு முன்னால் நான் கூச்சல் போடுவேன் என்று எனக்குச் சொல்லாமல் விட்டவளும் அவள்தான். நான் கூச்சல் போட்டிருக்க மாட்டேன். அழுதிருப்பேன். மற்றவர்கள் அழுதால் துக்கம், நான் அழுதால் நோய்.

அவள் தயவில் எனக்கு மூச்சு வேண்டாம்.

ஸ்மில்யா


நீஷ், 8 நவம்பர் 2003

அன்புள்ள சித்தி,

மன்னியுங்கள். உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உங்கள் பதிலுக்குக் காத்திருந்திருக்க வேண்டும். காத்திருக்கவில்லை.

விடுதிக் கூடத்துத் தொலைபேசியில் பேசினேன். அம்மா என்ன சொன்னாள் என்பதையும் எழுதுகிறேன்.

"அவ எப்பவுமே அப்படித்தான் நெவெனா. எங்க வலிக்குதுன்னு கேட்டா உலகமே வலிக்குதும்பா. போன தடவ நெஞ்சுல ரேடியோ வெச்சிருக்காங்கன்னு சொன்னா. இப்ப மூச்சுங்கறா."

"அது பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடிம்மா."

"உனக்கென்ன தெரியும்? நீ அப்ப தொட்டில்ல கெடந்த."

"கால் வீங்கியிருக்கும்மா. உக்காந்து தூங்கறாங்க."

"அவளுக்கு டாக்டர் இருக்காங்க. ஒருத்தருக்கு ரெண்டு பேர்."

அப்போது எனக்கு என்ன தோன்றியதோ, "அம்மா, அந்தக் கல்ல நீயும்தானே பாத்த? நீயும் மாமா மாதிரிதான் நெனைக்கிறியா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா வைத்துவிட்டாள். என் பின்னால் வரிசையில் நின்ற பெண், "முடிஞ்சுதா, நகரு" என்றாள்.

என்மேல் கோபமென்றால் கோபமாகவாவது எழுதுங்கள்.

நெவெனா


நீஷ், 25 நவம்பர் 2003

அன்புள்ள சித்தி,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கடிதங்களை வாங்கிவைக்கும் விடுதிக் காவலாளி என்னைத் தூரத்தில் பார்த்ததுமே இல்லையென்று தலையை ஆட்டிவிடுகிறார், நான் கேட்கவேண்டிய அவசியம்கூட இல்லாமல் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை அம்மா திடீரென்று விடுதிக்கு வந்தாள். முட்டைக்கோஸ் இலையில் பொதிந்த இறைச்சியும் கம்பளிக் காலுறையும் கொண்டுவந்தாள். என் கட்டிலில் உட்கார்ந்து மேற்சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பள்ளியைப் பற்றிக் கேட்டாள், நான் சொன்ன பதில் அவள் காதில் விழவில்லை.

பிறகு, "அந்த வீட்டுல லிஃப்ட் இருக்கா?" என்றாள்.

"இருக்கு. ஓடாது."

"எத்தனாவது மாடி?"

"நாலு."

"நாலா?" என்றாள். நீங்கள் அங்கே குடியேறி இத்தனை வருடமாகியும் அம்மாவுக்கு அது தெரியவில்லை. அதை அவளும் அப்போதுதான் உணர்ந்தாள் என்று நினைக்கிறேன். எழுந்து போய்விட்டாள். வீட்டுக்குப் போனாளா, உங்களிடம் வந்தாளா என்று எனக்குத் தெரியாது. வீட்டில் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை.

உயிரோடு இருக்கிறீர்கள் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

நெவெனா


ட்ரெனோவா மருத்துவமனை, உள்நோய்ப் பிரிவு, 2 டிசம்பர் 2003

நெவெனா கண்ணு,

உயிரோடு இருக்கிறேன். நீ கேட்ட ஒரு வரி இதுதான். மற்றதைக் கேட்காமலேயே தருகிறேன்.

உன் அம்மா வந்தாள். கதவைத் தட்டியபோது திறக்கவில்லை. வெளியில் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. என் மூச்சைத்தான் வெளியிலிருந்து கேட்கிறேனோ என்று எனக்கு ஒரு கணம் பயம் வந்தது. பிறகு, "தெறடி, சனியனே, என் முட்டி போச்சு" என்று சத்தம் வந்தது. இப்படிப் பேசுகிறவள் எனக்கு ஒருத்திதான்.

உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாள். சாம்பல் கிண்ணத்தைப் பார்த்தாள். சுவரோரம் அடுக்கிய தலையணைகளைப் பார்த்தாள். "இப்படியா தூங்கற?" என்றாள். "ஆமாம்க்கா" என்றேன். ஜன்னலைத் திறந்தாள், நான் மூடினேன், மறுபடி திறந்தாள்.

மறுநாள் மருத்துவரிடம் போனோம். அவர் கோப்பைத் திறந்தார், முத்திரையைப் பார்த்தார், "பதற்ற..." என்று தொடங்கினார். ராத்மிலா மேசைமேல் கையை வைத்தாள்.

"டாக்டர், அவ பைத்தியம்தான். அது எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நாங்க அதுக்கு வரல. நீங்க அவ கால அழுத்திப் பாருங்க."

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில..."

"அழுத்திப் பாருங்க. நான் இங்கயே நிக்கறேன்."

அழுத்தினார். பள்ளம் விழுந்தது, எழும்பவில்லை. மூன்று பேரும் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மனிதர் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். சர்க்கரை பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். இதயம் பலவீனமாகிவிட்டதாம், நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறதாம், சர்க்கரை ஏறிக் கிடக்கிறதாம்.

"ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்றார்.

"வந்தேன் டாக்டர். இதே நாற்காலிலதான் உக்காந்தேன்."

அவர் கோப்பை மூடிவைத்தார். உன் அம்மாதான் அழுதாள். அவளைச் சமாதானப்படுத்த நான் எழுந்திருக்க வேண்டியதாயிற்று.

நீர் பிரிய மாத்திரை கொடுக்கிறார்கள், கால் சிறுத்துவிட்டது. உப்பு கூடாது, சிகரெட் கூடாது. இந்தக் கூடத்தில் பக்கத்துப் படுக்கைக்காரி, "இவங்கள எதுக்கு எங்களோட போட்டீங்க?" என்று கேட்டதால் என்னைக் கடைசிப் படுக்கைக்கு மாற்றினார்கள். ராத்மிலா சண்டை பிடிக்கப் போனாள். நான் தடுத்துவிட்டேன், இங்கேதான் ஜன்னல் இருக்கிறது. அவள் நாற்காலியிலேயே தூங்குகிறாள். சூப்பில் உப்பில்லை என்று நான் திட்டுகிறேன், உப்புக் கேட்டால் சாவாய் என்று அவள் திட்டுகிறாள். பேசாமலிருந்த வருடங்களை இப்படிச் சூப்பின்மேல் தீர்த்துக்கொள்கிறோம்.

அண்ணனோடும் சண்டை போட்டிருக்கிறாள். கல்லில் அந்த மூன்று இலக்கத்தை அழிக்கச் சொன்னாளாம், "கருங்கல்லு, அழியாது" என்றானாம். ஒரு வெண்கல இலையை ஒட்டி மறைத்திருக்கிறார்கள். போகட்டும்.

உன்மேல் கோபமில்லை. எழுத மட்டும் செய்.

சித்தி


ட்ரெனோவா, 11 ஜனவரி 2004

நெவெனா கண்ணு,

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா பண்டிகைக்குக் கூட இருந்துவிட்டு நேற்றுப் போனாள். எங்களோடு வந்துவிடு என்றாள். இரண்டு பேரும் ஒரே சமையலறையில் ஒரு மாதம் தாங்க மாட்டோம், அது அவளுக்கும் தெரியும். நான் மாட்டேன் என்றதும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. நான் பார்த்தேன். குற்றம் சொல்லவில்லை.

இப்போது இங்கே சத்தமில்லை. வானிலை வாசிப்பவர் மட்டும் காலையில் ஏதோ சொன்னார்.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். முன்பெல்லாம் பதினைந்து வருடம் போனாலென்ன என்று இருந்தேன், உனக்கு எழுதியும் விட்டேன். இப்போது அப்படி இல்லை. மாடியில் நிற்காமல் இரண்டு தளம் ஏறிவிட்டேன். இரண்டாம் மாடிக்காரி கதவைத் திறந்து, "ஒடம்பு பரவாயில்லையா?" என்றாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் எனக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அது பெரிய தொந்தரவு, கண்ணு. ஆசை இல்லாதபோது இந்த வீடு இவ்வளவு காலியாக இல்லை.

எத்தனை வருடம் என்று டாக்டரிடம் கேட்டேன். மாத்திரை, சாப்பாடு, நடை எல்லாவற்றையும் பொறுத்தது என்றார். உன் புத்தகம் என்ன சொல்கிறது?

இன்னொன்றும் கேட்கிறேன். நீஷிலிருந்து இங்கே இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம். கணிதம், வேதியியல் என்று எழுதினாய். அதற்குப் பிறகு காரணம் எழுதுவதையே விட்டுவிட்டாய். மருத்துவமனைக்கும் நீ வரவில்லை. உள்ளபடியே எழுதுவேன் என்று சொன்னவள் நீ. ஆகவே கேட்கிறேன். நீ வருவாயா, அல்லது நமக்குள் எழுத்து மட்டும்தானா? எழுத்து மட்டும்தான் என்றாலும் எடுத்துக்கொள்வேன். தெரிந்தால் போதும்.

சித்தி


நீஷ், 15 ஜனவரி 2004

அன்புள்ள சித்தி,

தேர்வெல்லாம் உண்மைதான். ஆனால் நான் வராததற்கு அது காரணமில்லை.

எனக்கு உங்களிடம் பயம்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் வீட்டுப் புனிதர் நாள் விருந்தில் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்கு இடப்பக்கம் நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் ஒரு கரண்டியை எடுத்துவைத்து, "உப்பு வேணுமா?" என்று மரியாதையாகக் கேட்டீர்கள். பதிலைக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு உப்பை நகர்த்தினீர்கள். மற்றவர்கள் எல்லோரும் பன்றி வறுவலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்த நாற்காலியைத் தாண்டி நான் அன்று கழிப்பறைக்குக்கூடப் போகவில்லை. காகிதத்தில் உங்களை எனக்கு மிகவும் பிடிக்கும். எங்கள் குடும்பத்தில் வேறு யாரையும் இவ்வளவு பிடிக்காது. நேரில் என்று நினைத்தால் அந்த நாற்காலி வந்துவிடுகிறது.

டிசம்பரில் நீங்கள் மருத்துவமனையில் இருந்தபோது பேருந்து நிலையம்வரை வந்தேன். ட்ரெனோவா பேருந்து நின்றிருந்தது. ஓட்டுநர், "ஏறும்மா, குளிருது, கதவ மூடணும்" என்றார். நான் ஏறவில்லை. அது போனபிறகு ஒரு பூரெக் வாங்கி நின்றபடியே தின்றுவிட்டு விடுதிக்குத் திரும்பினேன். அந்த மருத்துவர் கோப்பைப் பார்த்துக்கொண்டே உங்களைப் பார்க்காமல் இருந்தார் என்று எனக்கு எவ்வளவு கோபம் வந்தது! நான் நூலகத்தில் உட்கார்ந்து உங்கள் நோயைப் பற்றி எத்தனையோ பக்கம் படித்தேன், உங்களைப் பார்க்க வரவில்லை.

எத்தனை வருடம் என்று கேட்டீர்கள். புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் ஆயிரக்கணக்கான பேரைப் பற்றித்தான் இருக்கிறது, உங்களைப் பற்றி ஒன்றுமில்லை. தெசாங்கா டீச்சருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியாது, சித்தி. தெரிந்தால் கட்டாயம் எழுதியிருப்பேன்.

சனிக்கிழமை காலை முதல் பேருந்தில் வருகிறேன். அம்மாவிடம் சொல்லியாயிற்று. "போ" என்றாள், கொஞ்சம் பொறுத்து, "மாடியில மெதுவா ஏறு" என்றாள், எனக்கென்னவோ நெஞ்சு நோய் மாதிரி. நீங்கள் கீழே இறங்கி வரவேண்டாம். பனி வழுக்கும்.

வருவதற்கு முன் சில விஷயங்களைக் கேட்கவேண்டும், ஆனால் உங்கள் பதில் வருவதற்குள் நானே வந்துவிடுவேன். நான் அங்கே இருக்கும்போது வானிலை வாசிப்பவர் பேசினால் நான் என்ன செய்யவேண்டும்? பேச்சை நிறுத்திவிட்டு, நீங்கள் கேட்டு முடிக்கும்வரை காத்திருக்கவா? வணக்கம் சொல்லவேண்டுமா? எது மரியாதை என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்குப் பயம் வந்தால் மறைக்காமல் சொல்லிவிடுவேன். கொஞ்ச நேரம் மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவேன். அப்போது கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள்.

விடுதிச் சமையற்கார அம்மாவிடம் உப்பில்லாமல் ஒரு ரொட்டி சுடச் சொல்லியிருக்கிறேன். "உப்பில்லாத ரொட்டிய மனுசன் தின்னுவானா?" என்று கேட்டார். "என் சித்தி தின்பாங்க" என்றேன். ஸோரிட்சா கேட்டுக்கொண்டிருந்தாள்.

பயணச்சீட்டு வாங்கிவிட்டேன். பயம் இன்னும் போகவில்லை. எழுத்து கோணலாகப் போவது உங்களுக்கே தெரியும், ஆகவே அதையும் எழுதிவிடுகிறேன். வார்டன் ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு வருகிறார். பக்கத்து அறைவரை வந்துவிட்டார். எங்கள் விளக்கையும் அணைத்துவிட்டார், இருட்டில் இதோடு முடிக்கிறேன்.